ரீபூட்டுக்கு முன் எழுதி வைத்தது

மார்ச் 4, செவ்வாய், இரவு 11:40

லோட் ஆவரேஜ் 41 என்று கைப்பேசி அலறியது. தூக்கக் கலக்கத்தோடு சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் சிபியு நூற்றுக்கு 96 பங்கு சும்மா கிடக்கிறது. வேலையே இல்லாத கடையில் 41 பேர் வரிசையில் நிற்பது போல.

லினக்ஸில் இந்த எண் புதியவர்களை நன்றாகவே ஏமாற்றும். சிபியுவுக்காக நிற்கும் புராசஸ்களை மட்டுமல்ல, டிஸ்க்கின் பதிலுக்காக எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடப்பவற்றையும் அது சேர்த்து எண்ணும். 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அனுப்பிய பேட்ச்சோடு வந்த வழக்கம் இது. ஸ்வாப் டிஸ்க் மந்தமானால் இயந்திரமே தவழ்கிறது, பழைய கணக்கோ லோட் குறைந்துவிட்டதாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். இன்று ராத்திரி என்னை எழுப்பியது அந்தப் பேட்ச்தான். நன்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

கெர்னல் லாகைத் திறந்தேன். பேக்கப் டிஸ்க் பதில் சொல்லவில்லை. கெர்னல் 30 விநாடி பொறுத்திருக்கிறது. பிறகு போர்ட்டை நிறுத்தி, லிங்க்கை ரீசெட் செய்து, "நீ யார்" என்று டிஸ்க்கிடம் முதலிலிருந்து விசாரித்து, பாதியில் நின்ற கட்டளைகளை மறுபடி அனுப்பியிருக்கிறது. திரும்பத் திரும்ப இதே கதை. கடைசியில் 6 ஜிகாபிட் வேகத்தை 3-ஆகக் குறைத்துக்கொண்டு ஒருவழியாக ஓடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சிக்கு மாற்றும் அம்மாவின் வைத்தியம்.

மார்ச் 5, புதன்

கேபிள்தான் குற்றவாளி. டிஸ்க்கின் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் வரி, அதாவது வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை, 212. கெட்டுப்போன செக்டர்களைச் சொல்லும் 5-ஆம் வரி பூஜ்யம். கேபிளை மாற்றியதும் 212 அதற்கு மேல் நகரவில்லை. குறையவும் குறையாது, அந்த எண் டிஸ்க்குக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது.

வந்ததோடு வந்ததாக லாகை மேலிருந்து கீழ்வரை படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். ரேம் பற்றி, கெர்னலின் நினைவகப் பிழைக் கண்காணிப்பான எடாக் எழுதிய வரிகள், திருத்தப்பட்ட பிழை ஒன்று, இன்னொன்று என்று நீண்டுகொண்டே போகின்றன. எண்ணியைப் பார்த்தேன்: ஒரே ஸ்லாட்டில் 2,317. கடைசி ரீபூட் ஆகி 141 நாள். இத்தனை நாளும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.

மார்ச் 6, வியாழன்

கூட வேலை பார்க்கும் பையன் கேட்டான்: "அண்ணே, அதான் சரியாயிடுச்சே. அப்புறம் எதுக்கு எண்ணணும்?"

ரேம் விற்ற கம்பெனிக்காரரும் போனில் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக: "கரெக்டட் எரர்தானே சார்."

பையனுக்குப் போர்டில் எழுதிக் காட்டினேன். 64 பிட் தரவோடு 8 பிட் காவலுக்குப் போகும். ஒரு பிட் புரண்டால் எது என்று கண்டுபிடித்துத் திருப்பிவிடலாம். இரண்டு புரண்டால் கெட்டது தெரியும், திருத்த முடியாது. இந்த வித்தைக்கு மூலவர் பெல் ஆய்வகத்து ரிச்சர்ட் ஹாமிங். வார இறுதியில் ரிலே கணினியில் விட்டுப்போன வேலையை, பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று தெரிகிற இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாதா என்ற எரிச்சலில் பிறந்த கட்டுரை 1950-இல் வெளியானது.

எதற்கு எண்ண வேண்டும் என்பதற்கு 2009-இல் பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் பதில் சொல்லிவிட்டார்கள். கூகுளின் சர்வர்களை இரண்டு ஆண்டுக்கு மேல் கவனித்ததில், ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம் பலகைகள் திருத்தக்கூடிய பிழை ஒன்றையாவது காட்டின. முன்பு பிழை காட்டிய பலகையே மறுபடி காட்டுகிறது. திருத்த முடியாத பிழைக்கும் அதுவே முன்னறிவிப்பு. பிட்டைப் புரட்டியது விண்ணிலிருந்து வந்த துகள் என்று பழிபோட்டுத் தப்பிக்க இனி வழியில்லை. என் 2,317-உம் ஒரே ஸ்லாட்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டிலிருந்தே லாகை அலசினேன். ஸ்லாட் மட்டுமல்ல, பாதிக்கு மேல் ஒரே நினைவகப் பக்கம். ஒரு பக்கம் 4,096 பைட். (2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்குக் கூடுதலாக விழுந்த வாக்குகளும் 4,096. வாக்கை எண்ணிய கணினியில் பதின்மூன்றாவது பிட் தானாகப் புரண்டால் வருகிற எண். கிடைக்கவே முடியாத அளவு வாக்கு என்பதால்தான் மாட்டியது.)

கெர்னலுக்கு அந்தப் பக்கத்தை ஒதுக்கி வைக்கத் தெரியும். பக்க எண்ணுக்குப் பின்னால், பதினாறடிமான எண்முறையில், மூன்று சைபர் சேர்த்தால் முகவரி. அதை உரிய கோப்பில் எழுதினால் உள்ளே இருப்பவற்றை வேறு பக்கத்துக்குக் குடியேற்றிவிட்டு, பழைய வீட்டுக்கு "நஞ்சு" என்று முத்திரை குத்திப் பூட்டிவிடும். பெயர் நான் வைத்ததல்ல; கெர்னல் எழுதியவர்களே வைத்தது. ஓடுகிற எதுவும் சாகாது. ஆனால் கெர்னலே தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்ட பக்கமாக இருந்தால் கையை விரித்துவிடும்.

எழுதினேன். விரிக்கவில்லை. நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் நான் பத்து வருடமாகப் பூஜ்யமாகவே பார்த்துவந்த வரி, வன்பொருள் சிதைவு, 4 கிலோபைட் என்று மாறியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

எண்ணி 2,331-இல் தவழ்கிறது. பலகையில் மற்ற பக்கங்களும் நோஞ்சான்தான். நிர்வாகத்திடம் தாளில் அச்சடித்துக் கொடுத்தபின் புதுப் பலகைக்கு அனுமதி வந்தது. அதே விற்பனைக்காரர்தான், இப்போது "சார்" இரண்டு தடவை வருகிறது.

மார்ச் 12, புதன், இரவு 9:20

நிறுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் இந்த நோட்டில் எழுதிக்கொள்கிறேன். கெர்னலின் எண்ணிகளுக்கு ரேமில்தான் இடம், அணைத்தால் போயிற்று. நஞ்சு முத்திரையும் நினைவிருக்காது. பழைய பலகையோடு மறுபடி எழுப்பினால் அதே பக்கத்தை யாருக்காவது கூசாமல் கொடுக்கும்.

திருத்தப்பட்டவை 2,338. திருத்த முடியாதவை 0. ஒதுக்கிய பக்கம் 1. ஓடிய நாள் 148.

10:05. பலகை மாற்றியாயிற்று. எழுந்துவிட்டது. 0, 0, 0. பேக்கப் டிஸ்க்கின் 199-ஆம் வரியில் மட்டும் இன்னும் 212.