அந்த 50 ரூபாய்

ஆம்பளைங்க எல்லாம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, எதிர்வீட்டு அண்ணியின் காதருகே குனிந்து ஒரு பெரியவர் சொன்னார்: "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதும்மா, கவலைப்படாத."

அண்ணனுக்கு 41 வயது. டிரைலர் டிரைவர். துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில் ரெண்டு ராத்திரி கிடந்து, கண்டெய்னர் பெட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி இன்சூரன்ஸிலிருந்து அண்ணிக்கு ஒன்றும் வரவில்லை.

என் தம்பியும் டிரைலர்தான் ஓட்டுகிறான். உனக்கு ஏதாவது பாலிசி இருக்கிறதா என்று கேட்டேன். "வண்டிக்கு இருக்குதேக்கா" என்றான். அதே வார்த்தை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்றான். இவ்வளவு பேர் நம்பும் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வண்டியிலிருந்து பாலிசி நகலை எடுத்து வரச் சொன்னேன். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஜெராக்ஸ், மடிப்பில் கிரீஸ் கைரேகை. வரி வரியாகப் படித்தேன். 'ஓனர் டிரைவர்' விபத்துக் காப்பு 15 லட்சம் என்று ஒரு வரி. 2018-ல் கட்டாயமாக்கிய தொகை அது. ஆனால் தம்பி ஓனர் இல்லை, சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். இன்னும் கீழே, 'பெய்டு டிரைவர்' என்று எழுதி எதிரில் 50 ரூபாய். அந்த நம்பிக்கைக்கெல்லாம் வேர் இந்த ஒற்றை வரிதான்.

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலம்மா ஒருவரிடம் அதை நீட்டினேன். "இது டிரைவர் உயிருக்குக் கட்டின பணம் இல்லம்மா. முதலாளி தலையில விழுற பொறுப்புக்குக் கட்டின பணம்" என்றார். அந்தப் பொறுப்பின் தொடக்கம் 1923-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேலையால், வேலை நேரத்தில் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பணம் தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பொறுப்பை வண்டிப் பாலிசிக்குள் கொண்டுவந்தது. சாவுக்குக் கணக்கு: மாதச் சம்பளத்தில் பாதி, பெருக்கல் வயதுக்கான ஓர் எண். 40 வயதுக்கு அது 184.17. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000. பெருக்கிப் பார்த்தால் 13,81,275 ரூபாய். பெரிய தொகைதான், ஆனால் வேலையில் செத்திருக்க வேண்டும்.

விபத்து இல்லாமல் மாரடைப்பு என்றால்? அங்கேதான் எனக்கு நெஞ்சு கனத்தது. லாரியில் போகும்போதே நெஞ்சுவலி வந்து இறந்த ஒரு கிளீனர் குடும்பத்துக்கு, வேலைப்பளுவால் வந்தது என்று நிரூபிக்கவில்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய் வழியில் சுருண்டு விழுந்த ஒரு லாரி டிரைவருக்கு, அந்த ஓட்டமே காரணம் என்று 2012-ல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு குடும்பமும் டெல்லி வரை போய் நிற்க முடியுமா? எங்கள் அண்ணன் பாயில் படுத்தல்லவா போனார்.

எப்படிச் செத்தாலும் பணம் வரவேண்டுமானால் தம்பி பேரில் தனியாக ஆயுள் காப்பீடு வேண்டும். ஓர் ஏஜெண்ட் வந்தார். 20 வருஷத்தில் போட்ட பணம் திரும்பி வரும் பாலிசியையே பேசினார். டேர்ம் பாலிசி கேட்டோம். போட்டது திரும்பாது, அதனால்தான் அதே பிரீமியத்துக்குப் பல மடங்கு காப்பு கிடைக்கிறது. "தொழில்னு வர்ற இடத்துல பிசினஸ்னு போட்டுக்கலாம், டிரைவர்னா பிரீமியம் ஏறும்" என்றார். தம்பி தலையாட்டினான். நான் பேனாவைப் பிடுங்கினேன். முதல் 3 வருஷத்துக்குள் பொய் தெரிந்தால் கம்பெனி பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம். கனரக வாகன டிரைவர் என்றே எழுதினோம், ஹான்ஸ் புகையிலை போடுவதையும் எழுதினோம். பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அண்ணியின் வீட்டில் அண்ணனின் பாஸ்புக்கையும் பார்த்தேன். 2019 மே வரை வருஷத்துக்கு 330 ரூபாய் பிடித்திருந்தது. பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம்: எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இப்போது 436 ரூபாய். 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வரை. 2020 மே மாதம் கொரோனாவில் வண்டி ஓடவில்லை, கணக்கில் பணமில்லை, பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வரியே இல்லை. டிரிப் காசு கையில் வருகிறது, கையிலேயே போகிறது. மே கடைசியில் கணக்கில் 436 இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

வீட்டுக்கு வந்து தம்பியின் பாஸ்புக்கைத் தேடினேன். அவனுக்கும் போட்டிருந்தது, வருஷம் தவறாமல் பிடித்திருந்தது. அவனுக்கே தெரியவில்லை. மறுநாள் வங்கியில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், நாமினி இடத்தில் எங்கள் அம்மா பெயர். அம்மா போய் நாலு வருஷமாகிறது. அதே மூலக்கொத்தளத்தில்தான் இருக்கிறார். தம்பி கொஞ்ச நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கவுண்டரில் வேறு படிவம் வாங்கி, பெண்டாட்டி பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக் கூட்டி எழுதினான்.