கிராண்ட் கேன்யனில் ஒரு சாய்வு நாற்காலி

கிராண்ட் கேன்யனுக்குப் போய் வந்தவர்கள் அந்தப் பள்ளத்தைப் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதிவிட்டார்கள். நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். இனி நான் என்ன சொல்ல? அதன் விளிம்பில் எங்களிடம் மக்கர் பண்ணிய ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா இருப்பது அரிசோனாவில். ஊர் பார்க்கப் போன அப்பாவுக்காகவும் எனக்காகவும் அத்தான் 28 அடி ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஆர்.வி. என்றால் அடுப்பு, கட்டில், கக்கூஸ் சகிதம் நகர்கிற ஒண்டுக்குடித்தனம். அதன் ஹாலில் (ஹால் என்பது ஒரு மரியாதைக்கு) பட்டனைத் தொட்டால் முதுகு சாய்ந்து கால் நீளும் சீட். வண்டி நின்றதும் சீட் இருக்கிற பக்கத்துச் சுவரே மேஜை டிராயர் மாதிரி வெளியே நீளும். கிளம்பும்போது உள்ளே இழுக்க வேண்டும். அப்போது சீட் மடங்கியிருக்காவிட்டால் எதிரே அடுப்பு மேடையில் இடிக்கும்.

தங்கிய இடம் மேதர் கேம்ப்கிரவுண்ட். மரமும் மானும் உண்டு. வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. குறித்த நேரத்தில் மட்டும் ஜெனரேட்டர் போடலாம். ராத்திரி அது ஓடும்போது கால் நீட்டிச் சாய்ந்த அத்தான், அப்படியே தூங்கிப் போனார். விடிந்து பட்டனை அமுக்கினால், சீட் அசைவேனா என்றது.

அத்தானைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டோம். சீட்டை மடக்க முடியவில்லை. முற்பகலில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். சாயங்காலம் ஃபீனிக்ஸில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். மறுநாள் எங்களுக்கு விமானம். முந்தின நாள் இருட்டிய பிறகு வந்ததால் பள்ளத்தை அப்பா இன்னும் கண்ணால் பார்க்கவில்லை!

"லைட் எரியுது, தண்ணி பம்ப் ஓடுது. சீட்டுக்கு மட்டும் என்ன கேடு?" என்றார் அத்தான்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "எது ஓடலைங்கறதை விடுங்க மாப்ளே. ஓடுறதுக்கெல்லாம் கரண்ட் எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார்.

பி.காம். பாஷையில் சொன்னால், ஆர்.வி.யில் இரண்டு கணக்கு. பாட்டரியின் 12 வோல்ட், சேமிப்புக் கணக்கு: விளக்கும் பம்ப்பும் அதில் ஓடும். ஜெனரேட்டரோ வெளி இணைப்போ தருகிற 120 வோல்ட், நிஜமாகவே கரண்ட் அக்கவுண்ட்: ஏ.சி., மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் அதில். கன்வெர்ட்டர் என்கிற குமாஸ்தா 120-லிருந்து எடுத்து 12-ல் போடுவார். அங்கிருந்து இங்கே திருப்பிக் கொடுக்க இன்வெர்ட்டர் வேண்டும். எங்கள் வண்டியில் அவர் வேலைக்கே சேரவில்லை.

அப்பா டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் தவழ்ந்தார். ஒயர் ஒரு அடாப்டருக்குப் போய், அங்கிருந்து சுவர் பிளக்குக்குப் போனது. ஆக, லைட் எரிவது சீட்டுக்குச் சாட்சி ஆகாது. (சில வண்டிகளில் சீட் நேரே 12 வோல்ட்டில் ஓடும். அங்கே பார்க்க வேண்டியது ஃப்யூஸையும் பாட்டரியையும். நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் அதற்கே பசி.)

நேரம் வந்ததும் ஜெனரேட்டரைப் போட்டோம். மைக்ரோவேவ் விழித்துக்கொண்டது. சீட்? ம்ஹூம். மோட்டாரைப் பிரிக்க அத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கினார்.

"இருங்க மாப்ளே, கடைசியில பிரிக்கலாம்."

ஆடி ஆடி ஓடுகிற வண்டியில் முதலில் கழல்வது சீட்டுக்கு அடியில் இருக்கும் இணைப்புகள்தான். தொட்டுப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. அடாப்டரில் பச்சைப் புள்ளி எரியவில்லை. படுக்கை ஓரத்துப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துச் செருகினார். பச்சைப் புள்ளி! பெருமூச்சு விட்டபடி சீட் மடங்கியது. நோய் சீட்டுக்கு இல்லை, பிளக்குக்கு.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வண்டி அமெரிக்கத் தாத்தா, நேரே பாத்ரூமைக் காட்டினார். அங்கே நடுவில் குட்டிப் பட்டன் வைத்த பிளக். கரண்ட் கசிந்தால் தானே அறுத்துக்கொள்ளும். தனக்குப் பின்னால் கோத்த பிளக்குகளையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். சீட்டின் பிளக் அந்தக் கோவையில் கடைசி ஆள். ராத்திரி அக்கா ஈரக்கையோடு ஹேர் டிரையர் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பட்டனை அமுக்கினார். டிக்! சுவர் பிளக்கிலேயே சீட் ஓடியது. "மறுபடி அறுந்தால் அடம் பிடிக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு மேதர் பாயின்ட்டில் நின்றோம். அப்பா வெகுநேரம் பேசவில்லை. தூரத்தில், அடியாழத்தில், நூல் மாதிரி கொலராடோ ஆறு. மேலே கிளென் கேன்யன் அணை, கீழே ஹூவர் அணை, இரண்டிலும் இந்த ஆறுதான் மின்சாரம் தருகிறது என்றேன்.

அப்பா தலையாட்டினார். "அதானே பார்த்தேன். சப்ளை நல்லாத்தான் இருக்கு. கோளாறு எப்பவும் நடுவுலதான்டா."