லிதுவேனியாவில் ஒரு மரப்பள்ளிவாசல்

பள்ளிவாசல் என்றதும் வெள்ளையடித்த சுவரும் உயர்ந்த மினாராவும்தான் நம் கண்முன்னே வரும். பனி கொட்டும் நாடொன்றில், முழுவதும் பலகையால் கட்டப்பட்டு, தூரத்தில் நின்று பார்ப்போருக்கு ஒரு கிராமத்து வீடு போலவே தோன்றும் பள்ளிவாசலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

லிதுவேனியாவின் தெற்கே, அலிட்டுஸ் நகருக்கு அண்மையில் ரைஷியாய் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கேதான் அந்தப் பள்ளி இருக்கிறது. கட்டப்பட்டது 1889 இல். கூரைமேல் ஒரு குட்டி மினாரா, அதன் உச்சியில் பிறை. உள்ளே ஆண்களுக்கொரு பகுதி, பெண்களுக்கொரு பகுதி. நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம். அவர்களுக்கோ கிப்லா ஏறத்தாழத் தெற்கே. அங்குள்ள மிம்பர் பள்ளியைவிடப் பழையது. 17ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட அந்த மிம்பரை அயலூர்ப் பள்ளியொன்றிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் கத்தோலிக்கத் தேவாலயம் நிற்கும் நாட்டில் முஸ்லிம்கள் எப்படி வந்தார்கள்? லிதுவேனியா ஞானஸ்நானம் பெற்றதே 1387 இல்தான். ஐரோப்பாவிலேயே மிகப் பிந்தி. அதற்குப் பத்தே ஆண்டுகள் கழித்து, 1397 இல், வீட்டௌட்டஸ் என்னும் அரசர் கருங்கடற் பக்கத்துத் தாத்தாரிய முஸ்லிம்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். ஆகவே அந்நாட்டில் தேவாலய மணியோசையும் பாங்கொலியும் ஏறக்குறைய ஒத்த வயதுடையவை. போருக்கு அழைத்தால் குதிரையோடு வரவேண்டும். அதற்கு ஈடாகக் காணி. இதுவே ஏற்பாடு. 1410 இல் ஜேர்மானியச் சிலுவை வீரர்களை முறியடித்த கிரன்வால்ட் போரில் தாத்தாரியக் குதிரைப்படையும் நின்று பொருதது. அதன் 600ஆம் ஆண்டையொட்டி 2010 இல் ரைஷியாயில் அந்தக் கத்தோலிக்க அரசருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

எல்லாக் காலமும் சுமுகமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1609 இல் த்ராக்காய் நகரின் பள்ளிவாசலை ஒரு கூட்டம் தகர்த்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. வந்த போர்வீரர் பலர் அந்நாட்டுப் பெண்களையே மணமுடித்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியையே பேசினார்கள். சில தலைமுறைகளில் தாத்தாரிய மொழி அற்றுப்போயிற்று. மொழி போனால் மார்க்கமும் போய்விடும் என்றுதானே நாம் அஞ்சுவோம்? அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேசிய பெலருஸ்ய மொழியையும் போலிஷ் மொழியையும் அறபு எழுத்தில் எழுதினார்கள்! அறபியில் இல்லாத ஓசைகளுக்குப் புதிய எழுத்துகளையும் ஆக்கிக்கொண்டார்கள். நம் மூத்தம்மாமார் ஓதிய அறபுத்தமிழ்க் கிதாபுகளை நினைத்துப் பாருங்கள். அதே வழி, ஆனால் எங்கோ ஒரு மூலையில், நம்மை அறியாமலே. அவர்களும் அவற்றைக் 'கிதாப்' என்றே அழைத்தார்கள். நபிமார் வரலாறு, துஆக்கள், ஹதீஸ்கள் எனக் கையால் பிரதி எடுத்து வீட்டுக்கு வீடு பாதுகாத்தார்கள்.

சோவியத் ஆட்சி வந்தபோது சோதனையும் வந்தது. கவுனாஸ் நகரில் 1930களில் கட்டப்பட்ட கற்பள்ளி மூடப்பட்டது. தலைநகர் வில்னியஸின் லுக்கிஷ்கேஸ் பள்ளி 1968 இல் இடிக்கப்பட்டது. நாடெங்கும் தொழுகைக்குத் திறந்திருந்தது ரைஷியாயின் இந்தப் பலகைப் பள்ளி ஒன்றுதான். கல்லால் கட்டிய கவுனாஸ் பள்ளி அடைபட, மரத்தால் கட்டிய இது நிலைத்தது. 1990 இல் நாடு விடுதலையை அறிவித்த பின்னரே மற்றப் பள்ளிகள் மீண்டும் உயிர்பெற்றன. இன்று அந்நாட்டுத் தாத்தாரியர் இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்களே.

அவர்களுடைய அடுப்படியையும் எட்டிப் பார்ப்போமா? தொழுகை முடிந்தபின் பள்ளியில் தின்பண்டம் பங்கிடுவார்கள். நம் ஊர் நார்சா போலத்தான். 'சதக்கா' என்ற சொல்லே அவர்கள் வாயில் 'சதோகா' ஆகியிருக்கிறது. மாவும் வெண்ணெயும் தேனும் சேர்த்து ஹல்வா கிண்டுவார்கள். 'நூறு இலை' என்று பொருள்படும் ஷிம்தாலபிஸ் இன்னொரு பண்டம். மாவைக் காகிதம்போல் விரித்து, வெண்ணெய் பூசி, அடுக்கடுக்காக வைத்துச் சுருட்டிச் சுடுவார்கள், உள்ளே கசகசா. இன்று லிதுவேனியக் கத்தோலிக்க வீடுகளும் அதை விரும்பி வாங்குகின்றன.