புற்றுமண் நெற்றிக்கு மட்டும்

என் மாமியாருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. எல்லாம் சர்க்கரை நோய் செய்த வேலை. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து டயாலிசிஸ் செய்துகொண்டார். சங்கரன்கோவிலிலிருந்து போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். கூடப் போகிறவருக்கு அன்றைய தறிக்கூலி போச்சு.

பிறகுதான் வீட்டிலேயே செய்யும் சிஏபிடி முறையை டாக்டர் சொன்னார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியே 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, நான்கைந்து மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதிதாக நிரப்ப வேண்டும். வயிற்றின் உட்சவ்வே கழிவை வடிகட்டிவிடும். எங்களுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் திரவப் பைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன.

சுத்தம்தான் பெரும்பாடு. எங்கள் தெருவில் விசைத்தறிப் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். பை மாற்றும்போது கதவு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவிவிட்டு உட்கார வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிடுவோம். கிருமி போய்விட்டால் வடிந்து வரும் திரவம் கலங்கலாக இருக்கும், வயிறு வலிக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் பைக்கு அடியில் பேப்பரை வைத்து, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

அதைவிடக் கஷ்டம், பாசத்தோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. போன ஆடித்தபசு சமயம், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணோடு வந்தார். “வயித்துல தடவி விடு தாயி, எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் அதுதான் முதல் மருந்து. அத்தையும் வருடம் தவறாமல் ஆடிச்சுற்று சுற்றியவர். குழாய் இருக்கும் இடத்தில் மண் படக்கூடாது என்று நான் சொன்னால், அம்மனையே வேண்டாம் என்றது போல் ஆகிவிடுமே!

நான் வாய் திறப்பதற்குள் அத்தையே கையை நீட்டி வாங்கினார். “வயித்துக்கு டாக்டர் தண்ணி இருக்கு மதினி. அம்மன் நெத்தியில இருக்கட்டும்” என்று பொட்டு வைத்துக்கொண்டார். பெரியம்மாவுக்கும் மனசு நிறைந்துவிட்டது. அவர் போனதும், “கையைக் கழுவணும், தண்ணி ஊத்து” என்றார் அத்தை.

நோயாளிக்காக எல்லாவற்றையும் நாமே பேசி, நாமே முடிவெடுத்துவிடுகிறோம். அவர் உடம்பைப் பற்றி அவர் பேசும்போது கேட்கிறவர்களும் மறுப்பதில்லை. அவருக்கும் ஒரு தெம்பு வருகிறது. இப்போது வடிந்த அளவை நோட்டில் எழுதுவது அத்தைதான். இன்று முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டாயிற்றா என்று கணக்கு வைப்பதும் அவர்தான்.

காலை ஆறு மணிக்கு, “ஏ தாயி, ஃபேனை நிறுத்து, நேரமாச்சு” என்று அவரே என்னை எழுப்புகிறார்.