முன்னிருக்கைக்குப் பின்னால் ஒரு தகடு



இந்த வாரம் ஒரு பழைய வண்டியைப் பற்றியும் அதன் காகிதங்களைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். மண்ணூரில் வாழும் நமக்கு வண்டிகள் புதியவை அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஞாயிறு காலை ஆராதனையில் அமர்ந்திருப்போரில் பலர், முந்தைய இரவு ஷிப்டை முடித்துவிட்டு நேராக ஆலயத்திற்கு வருகிறவர்கள். லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்ன நிறம், இன்ன இருக்கை, இன்ன கூடுதல் வசதி என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் உங்களிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன், மாலை ஜெபக்கூட்டம் முடிந்தபின், நம் சபை இளைஞர் ஒருவர் என்னோடு தனியே பேச விரும்பினார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதுவதற்கு அனுமதி தந்திருக்கிறார். பகலில் உதிரிபாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மாலையில் ஒரு ஷெட்டில் டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்கிறார். அந்த ஷெட்டுக்கு, பல கை மாறி வந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன் வந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. அதைப் பழைய பொலிவுக்குக் கொண்டுவரும் வேலை அவருடையது.

இவ்வகை வண்டியின் வரலாறு ஒரு துண்டுத் தாளில் தொடங்குகிறது. 1947 ஏப்ரல் 23 அன்று பென் போன் என்ற டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி போன்ற வண்டியைக் கிறுக்கலாக வரைந்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 1956-இல் அது ஹனோவருக்கு மாறியது. வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் 1951 முதல் இவ்வண்டிகளுக்குள் கட்டில், அலமாரி, மேசை முதலியவற்றை அமைத்துக் கொடுத்தது. குடும்பமாகச் சென்று வண்டிக்குள்ளேயே சமைத்து உறங்கும் 'கேம்பர் வேன்' இப்படித்தான் புகழ்பெற்றது.

வெளித்தோற்றத்தில் எல்லா வேன்களும் ஏறக்குறைய ஒன்றுதான். சாமான் ஏற்றிய வண்டி எது, கேம்பராகவே பிறந்த வண்டி எது என்று எப்படி அறிவது? அதற்கு ஒரு சிறு தகடு உண்டு. அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது முன்னிருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பில் பொருத்தப்பட்டிருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் வாக்கியம் ஒன்றும் இராது, எண்களும் எழுத்துகளுமே இருக்கும். சேசிஸ் எண், நிறம், இருக்கை உறை, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட வேண்டியது, எப்போது செய்யப்பட வேண்டியது, ஆலையிலேயே சேர்க்கப்பட்ட கூடுதல் அமைப்புகள் எவை என்பன யாவும் அந்தக் குறியீடுகளில் அடங்கும். கூடுதல் அமைப்புகளுக்கான எண்களை 'எம்-குறியீடு' என்பார்கள். வெஸ்ட்ஃபாலியா தன் உள்ளமைப்பு வகைகளுக்குத் தனி எண்களை வைத்திருந்தது. தகட்டில் உள்ளவற்றின் மறுபாதி ஆலையின் பதிவேட்டில் இருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், ஃபோக்ஸ்வாகனின் பழைய ஆவணங்களிலிருந்து 'பிறப்புச் சான்று' என்றே அழைக்கப்படும் ஒரு தாளைப் பெறலாம்.

நம் இளைஞரிடம் வந்த வண்டியில் அந்தத் தகடு இல்லை. பொருத்தியிருந்த துளைகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகையாக 'வேன்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உரிமையாளர் அவரிடம் இரண்டு வேலைகளைச் சொன்னார். முதலாவது, உள்ளே கட்டிலும் அலமாரியும் அமைப்பது. இரண்டாவது, கேம்பருக்குரிய எண்களை அடித்து ஒரு தகடு செய்து, கொஞ்சம் பழசாக்கி, அந்தத் துளைகளில் பொருத்துவது. ஆலையிலேயே கேம்பராகப் பிறந்த வண்டிக்கும், பின்னால் யாரோ கட்டில் போட்ட வண்டிக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது வேலைக்கு அவர் தருவதாகச் சொன்ன தொகை, முதல் வேலைக்கான கூலியை விட அதிகம். இளைஞரின் தங்கைக்கு அந்த மாத முடிவுக்குள் நர்சிங் கல்லூரிக் கட்டணத்தின் இரண்டாம் தவணை கட்ட வேண்டியிருந்தது.

"ஐயா, அது ஒரு தகடுதானே?" என்று கேட்டார். "கட்டில் இருக்கு, அடுப்பு எரியுது, வண்டி ஓடுது. வாங்குறவருக்கு என்ன நஷ்டம்? அதுவும் இது நிஜமாவே கேம்பரா இருந்திருக்கலாமே ஐயா, யாருக்குத் தெரியும்?"

அவருடைய கடைசி வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. இருந்திருக்கலாம்தான். அப்படியானால் உரிமையாளர் ஏன் பிறப்புச் சான்றுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டா வேற பதில் வந்துடுமோன்னு பயம், ஐயா" என்றார். அவர் சொன்னதில் முழுக் காரியமும் அடங்கிவிட்டது.

நம் நாட்டில் இது வெறும் மனசாட்சிப் பிரச்சினையும் அன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி ஆதி வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே ஓட்டலாம். ஆதி வடிவம் என்பதன் மேல்தான் இந்த உரிமை முழுவதும் நிற்கிறது. அடிப்படைத் தாளில் பொய் கலந்தால், அதை நம்பிப் பணம் கொடுப்பவர், அவரை நம்பிப் பதிவு செய்யும் அலுவலர், அவருக்குப் பின் வாங்குகிறவர் என்று ஒவ்வொருவரும் அந்தப் பொய்யைச் சுமப்பார்கள். வாங்குகிறவருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு விடை இதுவே.

வேதத்தில் காகிதங்களுக்கு இடமில்லை என்று நினைக்கிறோம். எரேமியா 32-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்நிலையிலும் ஆனதோத்தில் உள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பணத்தைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைக்கிறார், பத்திரத்தை இரண்டாக எழுதுகிறார். ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றது திறந்திருப்பது. இரண்டையும் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் ஒப்படைக்கிறார். யாரும் பார்க்கக்கூடிய பிரதி ஒன்று, ஒருவரும் திருத்த முடியாத பிரதி ஒன்று. வண்டியில் ஒரு தகடும் ஆலையில் ஒரு பதிவேடும் இருப்பதன் நோக்கமும் இதுவேயாகும்.

ஆனால் அந்த இளைஞருக்கு நான் காட்டியது வேறொரு பகுதி. எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில், ஆசாரிய வம்சத்தார் என்று சொல்லிக்கொண்ட சில குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆகையால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஊரீம் தும்மீம் உடைய ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதில் புசிக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எழுபது ஆண்டுச் சிறையிருப்பில் தொலைந்துபோன ஏட்டுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அது அவர்கள் குற்றமா? ஆயினும் ஒரு புதிய அட்டவணையை எழுதிக் கொண்டுவந்தார்கள் என்று அங்கே காண்பதில்லை. தேடினார்கள், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள், ஜனத்தோடு ஜனமாகக் காத்திருந்தார்கள். அவர்களை ஜனத்திலிருந்து யாரும் துரத்திவிடவும் இல்லை.

"தகடு இல்லாமலிருப்பது வண்டியின் குற்றம் இல்லை, தம்பி" என்று சொன்னேன். "கட்டில் போடு, அலமாரி செய். போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியதை அவரை வாங்கச் சொல். பின்னாளில் அமைத்தது என்று எழுதிக் கொடு. துளைகளை அப்படியே விட்டுவிடு."

அவர் அப்படியே உரிமையாளரிடம் சொன்னார். உரிமையாளர் கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து ரெக்கவரி வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, பாதி பெயின்ட் அடித்த வேனை ஏற்றிக்கொண்டு போனார். செய்த வேலைக்குரிய கூலி மட்டும் கிடைத்தது. அந்தத் தகடு வேறெங்கோ பொருத்தப்பட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. தங்கையின் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரி தவணை நீட்டித்து ஏற்றுக்கொண்டது. மீதி இன்னும் கட்டி முடியவில்லை. நேர்மையாக நடந்தால் அடுத்த வாரமே பணம் வந்து சேரும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் இன்றும் மாலையில் அதே ஷெட்டுக்குத்தான் போகிறார்.

பிரியமானவர்களே, இந்தக் காரியம் ஷெட்டோடு நின்றுவிடுவதில்லை. மே, ஜூன் மாதங்கள் வந்தால் என் மேசைமேலும் இது வந்து உட்காருகிறது. கல்லூரிச் சேர்க்கைக்குச் சபை அங்கத்தினர் சான்று வேண்டும் என்கிறார்கள். தேதியைச் சற்று முன்னால் போட்டுத் தர முடியுமா என்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பிறந்த நாள் பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகவில்லை, சிறிது மாற்றினால் பிள்ளையின் பாஸ்போர்ட் கிடைத்துவிடும் என்கிறார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், பிள்ளைகளுக்காகத் தவிக்கிற பெற்றோர். அவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது அதே வார்த்தைதான். பதிவேட்டில் இருப்பதைத் தருவேன். பிழை உண்மையாகவே பிழையானால், அதைத் திருத்துவதற்குரிய முறைப்படி திருத்த உங்களோடு அலுவலகம் அலுவலகமாக வருவேன். இல்லாத ஒன்றை எழுதித் தர மாட்டேன்.

நம்மில் பலர் இந்தத் தொழிற்பேட்டைக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். சிலருக்குக் குடும்ப வரலாறு தெரியும், சிலருக்குத் தாத்தாவின் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. சிலருடைய சான்றுகள் வெள்ளத்தில் போயின. இப்படிப்பட்ட வெற்றிடங்களைக் குறித்து வெட்கப்பட வேண்டாம். துளைகள் துளைகளாகவே இருக்கட்டும். பின்னாளில் நம் வாழ்வில் சேர்ந்த நன்மைகளைப் பின்னாளில் சேர்ந்தவை என்றே சொல்லுவோம். அதனால் அவற்றின் அருமை குறைவதில்லை.

இந்த வாரம் ஒரு மாலை உங்கள் காகிதங்களை எடுத்து வையுங்கள். பிழையானவற்றைக் குறித்துக்கொண்டு, புதன்கிழமை ஜெபத்திற்குப் பின் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அந்தத் தங்கையின் படிப்புக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். உதவ மனமுள்ளவர்கள் என்னிடம் தனியே சொல்லலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்