எழுத்து வரைபவரின் மகள்

“நீ என்ன வேலை பார்க்கிறாய், அம்மா?” என்று எங்கள் பங்கின் பெரியவர்கள் வினவும்போதெல்லாம் நான் ஒரு நொடி தடுமாறி நிற்பது வழக்கம். ‘வடிவமைப்பாளர்’ என்றால் வீட்டு வரைபடம் போடுபவள் என்று எண்ணிக் கொள்கிறார்கள். ‘ஓவியர்’ என்று சொல்லிக்கொள்ளவோ எனக்கே துணிவில்லை. ஆகவே, “திருமண அழைப்பிதழ், புதுநன்மை அட்டை, மிட்டாய்ப் பெட்டி, சிறுவர் புத்தகத்துக்குப் படம், இவற்றையெல்லாம் கணினியில் வரைந்து கொடுக்கிறேன்” என்பேன். “ஓ, அப்பா தொழில்தான்!” என்று அவர்கள் மகிழ்ச்சியோடு முடித்து வைப்பார்கள். அவர்கள் அன்போடு சொல்லும் அந்தச் சொல் பல ஆண்டுகளாக என்னை முள்ளாய்க் குத்தியது. அதன் காரணத்தையே இங்கே எழுத முற்படுகிறேன்.

என் தந்தை தூத்துக்குடியில் விளம்பரப் பலகை எழுதியவர். 1970களின் நடுவில், பதினாறு வயதில், ஓர் ஆசானிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். முதல் ஓராண்டு முழுவதும் தூரிகை கழுவுவதும், எனாமல் டப்பாவைக் குச்சியால் கலக்குவதும்தான் பாடம். பிறகு கோடு. நூலில் சுண்ணாம்புத் தூளைத் தடவி, இருவர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் விரலால் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்விரு கோடுகளுக்கிடையே எழுத்து வயிறு புடைக்காமலும் கழுத்து ஒடியாமலும் நிற்க வேண்டும். கை நடுங்காதிருக்க, முனையில் துணி சுற்றிய மூங்கிற்கோலை இடக்கையில் பிடித்துச் சுவரில் ஊன்றி, வலக்கை மணிக்கட்டை அதன்மேல் சாய்த்துக்கொள்வார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கூலி கிடையாது. “புள்ளிக்குக் காசு வாங்கினால் கை விளங்காது” என்று அவருடைய ஆசான் சொல்வாராம். அது எந்த நூலில் உள்ள சாத்திரமோ நான் அறியேன்.

அவர் தொழில் கற்றுத் தேறிய வேளையில்தான் எழுத்தே மாறிற்று. ஈ.வெ.ரா. பெரியார் 1935 முதலே தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களை, 1978-இல் தமிழக அரசு ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா முதலியனவும், ணை, லை, ளை, னை என்பனவுமாகப் பதின்மூன்று எழுத்துகள் புது உருப் பெற்றன. அதற்கு முன் ‘லை’ என்பது யானை துதிக்கையைத் தூக்கி வளைத்தாற்போல் இருக்கும். ‘னா’வுக்குத் தனியே கால் கிடையாது; னகரத்தின் வாலே கீழிறங்கிச் சுழித்துக்கொள்ளும். இவ்விதழின் அச்சில் அவ்வடிவங்கள் இல்லை. மூத்த வாசகர்கள் மனத்திலேயே வரைந்து பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அப்பா கடைப் பலகைகளில் உடனே புதிய எழுத்துக்கு மாறிவிட்டார். ஆயினும் திருமணமாகி வந்தபோது அம்மா கொண்டுவந்த தகரப் பெட்டியின் மூடியில், அம்மாவின் பெயரைப் பழைய முறையிலேயே எழுதினார். அந்தப் பெயரில் ஒரு ‘னா’ உண்டு. “கடைக்கு அரசாங்க எழுத்து; வீட்டுக்கு என் எழுத்து” என்பது அவருடைய சட்டம்.

நான் பள்ளியில் சேர்ந்த காலம், பிளெக்ஸ் பதாகைகள் தெருவெங்கும் பெருகத் தொடங்கிய காலம். மூன்று நாள் சாரம் கட்டி எழுத வேண்டிய பலகையை இயந்திரம் அரை மணியில் துப்பியது. அதில் முகமும் இருந்தது, பளபளப்பும் இருந்தது, விலையும் குறைவு. கடைக்காரர்களைக் குறை கூற இயலாது. அவர்களுக்கும் குடும்பம் உண்டு. முதலில் துணிக்கடைகள் போயின. அடுத்துத் தேர்தல் சுவர்கள். கடைசியில் பலசரக்குக் கடைகளும் போயின. அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். தூரிகைகளை நன்றாகக் கழுவி, எண்ணெய் தடவி, அந்தத் தகரப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினார்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அதே ஊரில் ஒரு பிளெக்ஸ் அச்சிடும் கடையில்! பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு நாளைக்கு இருபது பதாகைகள் அடுக்குவேன். முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது அப்பா அதை வாங்கி, மாதா படத்தின் முன் வைத்தார். என்ன வேலை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மாதான் இருவருக்கும் நடுவில் நின்று, “பிள்ளையும் எழுத்து வேலைதான் பார்க்கிறாள்” என்று சமாளித்தார். 2019 செப்டம்பரில் சென்னையில் பதாகை ஒன்று சரிந்து விழுந்து, வண்டியில் சென்ற ஓர் இளம் பெண்ணின் உயிர் போயிற்று. அச்செய்தியைப் படித்த அன்று இரவு அப்பா வேலைக்குப் புறப்படுமுன் வாசலில் நின்று, “நீ அடிக்கிற பதாகையை யார் கட்டுகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்ப்பதுண்டா?” என்று மட்டும் கேட்டார். நான் பார்த்ததே இல்லை. அடுத்த ஆண்டு அவ்வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே தனியாகப் படம் வரையத் தொடங்கினேன்.

‘உனக்கு எங்கிருந்து இவையெல்லாம் தோன்றுகின்றன?’ என்று என் தோழியர் கேட்பதுண்டு. வானத்திலிருந்து எதுவும் இறங்குவதில்லை. என் கைப்பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். பேருந்தில் செல்கையில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே போவேன். உப்பு வெண்மையானது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பாத்தியில் உப்புநீர் நன்றாக முற்றும்போது இளஞ்சிவப்பாக மாறும். அதனருகே குவித்த உப்பின் நிழல் நீலமாக விழும். இவ்வூர்க்காரர்கள் அன்றாடம் காணும் காட்சிதான். நானும் இருபது ஆண்டுகள் கண்டும் காணாதவளாகவே இருந்தேன். ஒரு சிறு அடுமனைக்காரர் தம் மக்ரூனுக்குப் பெட்டி வரைந்து தரக் கேட்டபோது அது கைகொடுத்தது. முட்டை வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன், கூம்பாக ஓர் உப்புக் குவியல் போலவே அன்றோ இருக்கிறது! இளஞ்சிவப்பு நீரில் வெண்குவியல்கள் வரிசையாய் நிற்பதுபோல் பெட்டியை வரைந்தேன். திரையில் மின்னிய அந்தச் சிவப்பு, அச்சில் வந்தபோது பழைய செங்கல் போல் மங்கிவிட்டது. திரையின் நிறம் ஒளியால் ஆவது. காகிதத்தின் நிறம் நான்கு மைகளால் ஆவது. இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை ஓராயிரம் பெட்டிகள். நல்லவேளையாக, உரிமையாளர் பாதியை ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு முறை ஒரு சிறுவர் புத்தகத்துக்குக் கடற்கரைக் காட்சி வரைந்தேன். ஏதோ ஓர் அயல்நாட்டுப் படகின் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, அண்டை வீட்டு மீனவப் பெரியவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தபின், “நல்லா இருக்கு மக்கா. இது எந்த ஊர் வள்ளம்?” என்றார். பத்து நிமிட நடைத் தொலைவில் கடற்கரை. நான் அங்கே போகாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். மறுநாள் விடியலிலேயே போய், கரையேற்றிக் கிடந்த வள்ளங்களின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நாள் வரைந்தேன். புத்தகம் வந்தபின் அவருக்கு ஒரு படி கொடுத்தேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதையே நான் பாராட்டாகக் கொண்டேன்.

2021-இல் அம்மா இறந்தார். அதன்பின் வீட்டில் பேசுவதற்கு ஆளில்லாமல் அப்பாவும் நானும் இரண்டு தூண்களைப்போல் நின்றோம். அம்மாவின் பொருள்களை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான், மூடியில் இருந்த எழுத்தை முதன்முறையாக ஒரு தொழிற்காரியின் கண்கொண்டு பார்த்தேன். எத்தனை கணினி எழுத்துருக்களைப் பயன்படுத்தியிருக்கிறேன்! ஒன்றிலும் அந்த உறுதி இல்லை. அவ்வெழுத்துகளைப் படமெடுத்து, அவற்றிலிருந்து ஓர் எழுத்துருவை ஆக்குவது என்று முடிவு செய்தேன்.

அது எளிதென்று எண்ணியது என் பேதைமை. தமிழில் 247 எழுத்து என்று குழந்தைகள் ஒப்பிக்கிறார்கள். அத்தனையும் வரைய வேண்டுவதில்லை. கொம்பும் காலும் ஒட்டிப் பலவற்றை ஆக்கிவிடலாம். ஆனால் கு, கூ, சு, சூ என உகர ஊகாரங்கள் முப்பத்தாறும் தனித்தனி உருவங்கள். இகரச் சுழியும் ஒவ்வோர் எழுத்தின் தோளில் ஒவ்வொரு விதமாய் இறங்குகிறது. டி, டீ இரண்டும் எவருக்கும் அடங்காத பிள்ளைகள். இரவெல்லாம் வரைந்து, காலையில் காவல் முடிந்து வரும் அப்பாவிடம் காட்டுவேன். முதல் வாரம் அவர் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். “அம்மா என்று எழுதியிருக்கிறாயே, இரண்டு மகரமும் ஒன்றுபோலவே இருக்கிறது. நான் அப்படி எழுதமாட்டேன். முன்னது மெய், அதைக் கொஞ்சம் ஒடுக்கி, பின்னதுக்கு இடம் விட வேண்டும்” என்றார். எழுத்துருவில் ஓரெழுத்துக்கு ஓருருவம்தான் வழக்கம் என்று நான் வாதிட்டேன். “அப்படியானால் அது எழுத்தல்ல, முத்திரை” என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆயினும் அடுத்த எழுத்தோடு சேரும்போது மாற்று உருவம் தானே வந்து அமரும்படி செய்யவும் வழி இருக்கிறது, தேடிக் கற்றுக்கொண்டேன். நான்கு மகரங்கள் வரைந்தேன். பழைய ‘னா’வையும் ‘லை’யையும் மாற்று வடிவங்களாகச் சேர்த்தேன்.

இந்த வேலையின்போது அப்பா ஒரு செய்தியை அடிக்கடி சொல்லுவார். எங்கள் ஊருக்குத் தெற்கே புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய சேசு சபைக் குரு அன்ட்ரிக் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறு நூலைத் தமிழில் அச்சிட்டார். ஓலையில் கீறப்பட்ட எழுத்தை ஈயத்தில் வார்த்த அந்தக் கைகளைப் பற்றியே அப்பாவுக்கு ஆவல்: “அவனுக்கும் ‘டி’ படாத பாடு படுத்தியிருக்குமே!” ஏகார ஓகாரங்களை எகர ஒகரங்களினின்று பிரித்துக் காட்டி, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு தந்த வீரமாமுனிவரைப் பற்றியும் பேசுவார். எழுத்துக்காரருக்கு எழுத்தை மாற்றியவர்களெல்லாம் உறவினர் போலும்.

எழுத்துரு இன்னும் முடியவில்லை. அதற்குள் சென்ற ஆண்டு அக்டோபர் இறுதி வந்தது. பிளெக்ஸ் வந்தபின்னும் அப்பாவை விட்டுப் போகாதிருந்த ஒரே வேலை கல்லறைத் தோட்டத்தில்தான். நவம்பர் 2-ஆம் நாளுக்கு முன்பு, சுண்ணாம்பு அடித்த சிலுவைகளில் மங்கிப்போன பெயர்களைக் கறுப்பு எனாமலால் மறுபடி எழுதுவார். அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. பெயிண்டு விலை மட்டும். அம்மாவின் சிலுவையையும் மூன்று ஆண்டுகள் அவரே எழுதினார். சென்ற ஆண்டோ, கோலை ஊன்றியும் கை நிற்கவில்லை. முதல் எழுத்திலேயே தூரிகை சுவடு தவறியது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார், மீண்டும் தவறியது. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, தூரிகையை என்னிடம் நீட்டி, பக்கத்துக் கல்லறைத் திண்டில் போய் அமர்ந்துகொண்டார்.

நான் தூரிகையில் எழுதியதே இல்லை! அம்மாவின் பெயரில் உள்ள ஒவ்வோர் எழுத்தின் வளைவும் எனக்கு மனப்பாடம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஆயினும் மை தூரிகையிலிருந்து இறங்கும் வேகம் எந்தத் திரையிலும் இல்லை. முதல் எழுத்து வழிந்தது. “துடை” என்றார் அப்பா. இரண்டாம் முறை கோட்டுக்கு மேலே ஏறியது. “துடை.” மூன்றாம் முறை, “தூரிகையை இறுக்காதே, அது எங்கேயும் ஓடிவிடாது” என்றார். வெயில் சாயும்வரை எழுதினேன். ‘னா’வுக்கு வந்தபோது அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விரலால் காற்றில் ஒரு சுழி போட்டுக் காட்டினார். பழைய எழுத்துத்தான்.

அது நேராக இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் எழுத்து சற்றுத் தடித்து, கடைசி எழுத்து நெருக்கடியில் ஒடுங்கி நிற்கிறது. அப்பா எழுந்து வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு புள்ளியை மட்டும் தம் விரல் நுனியால் திருத்தினார்.

அப்போது மெழுகுதிரிக் கட்டோடு வந்த ஒரு மூதாட்டி சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, தம் கணவரின் சிலுவையையும் எழுதித் தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டார். நான் விழித்தேன். அப்பா முந்திக்கொண்டார்:

“பெயிண்டு காசு மட்டும் கொடுங்கம்மா. பிள்ளை இப்பத்தான் தொழில் படிக்குது.”