‘விடு’ என்றொரு வார்த்தை

இராஜபாளையத்தைக் கடந்து தென்காசிச் சாலையில் சிறிது தூரம் சென்று, மேற்கே மலையடிவாரத்தை நோக்கிப் பிரியும் வண்டித்தடத்தில் இறங்கி நடந்தால், தென்னையும் மாவும் அடர்ந்த தோப்புகளுக்கு நடுவே, ஓடு வேய்ந்த பழைய மோட்டார் அறை ஒன்றையும், அதை ஒட்டிக் கம்பிவலை அடித்த எட்டுக் கூண்டுகளையும் காணலாம். காவல்துறையின் மோப்பநாய்ப் பிரிவில் 26 ஆண்டுகள் ஊழியம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே நாய்களைப் பழக்கி வருகிறார் என்று நண்பர் சொல்லக் கேட்டு, சென்ற மாசியில் ஒரு நாள் விடியற்காலையில் அவ்விடம் போய்ச் சேர்ந்தேன். காவல் நாயைப் பழக்கும் வித்தையைப் பார்த்து வர வேண்டும் என்பதே என் உத்தேசம். ஆனால் அங்கே நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை, வேறெங்கோ பணம் கட்டிப் பழக்கப்பட்டு, அந்தப் பழக்கத்தினாலேயே கெட்டு, இங்கே வைத்தியத்துக்கு வந்திருந்த ஜீவன்கள்.

முதற் கூண்டில் இருந்த ஜெர்மன் ஷெப்பர்டு, என்னைக் கண்ட மாத்திரத்தில் கம்பிவலை அதிரப் பாய்ந்து குரைத்தது. “நல்ல காவல்காரன்தான்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. “வாயை மட்டும் பாக்குதிய. வாலைப் பாருங்க சார்” என்றார்.

பார்த்தேன். வால் பின்னங்கால்களுக்கு இடையே செருகிக் கிடந்தது. காதுகள் பிடரியோடு ஒட்டியிருந்தன. கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும் அது கூண்டின் மூலைக்கே ஓடிப் பதுங்கியது. வீரம் என்று நான் எண்ணியது முழுப் பயம். பயந்த நாய், வந்தவன் திருடனா, தபால்காரரா, சிலிண்டர் கொண்டுவருபவரா, அடுத்த வீட்டுக் குழந்தையா என்று பிரித்தறிய அவகாசம் எடுத்துக்கொள்வதில்லை; தப்பியோட வழியில்லை என்று அதற்குத் தோன்றிய அக்கணமே பல்லைப் பதித்துவிடுகிறது.

இந்தப் பயம் எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதைப் பெரியவரைக் காட்டிலும் அவருக்கு உதவியாக இருந்த இளைஞனே நன்றாகச் சொன்னான். ஏனெனில் இங்கே வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள், பெரிய நகரம் ஒன்றின் எல்லையிலிருந்த பயிற்சிக் கூடத்தில் அதை உற்பத்தி செய்வதுதான் அவன் உத்தியோகம். மூன்று மாதத்தில் நாயைக் ‘காவலுக்குத் தயார்’ செய்து தருவதாக ஒப்பந்தம். நாயை இருட்டறையில் தனியே கட்டிப்போட்டு, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு, பிரம்போடு உள்ளே போய் அது திருப்பிக் கடிக்கும்வரை அடிக்க வேண்டும். கடித்ததும் வெளியே ஓடிவந்துவிட வேண்டும். சில நாட்களில் ஆளைக் கண்டாலே அது சீறத் தொடங்கும். ‘பயிற்சி முடிந்தது’ என்று எஜமானரை வரவழைத்து, அவர் கண்ணெதிரே ஒருவனைக் கடிக்க விட்டுக் காட்டி, மீதித் தொகையைப் பெற்றுக்கொள்வார்கள்.

“வாறவுக எல்லாரும் ஒரே கேள்விதான் சார் கேப்பாக. கடிக்குமா?” என்றான் அவன். “கூப்பிட்டா வருமா, சொன்னா விடுமான்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.” சட்டைக் கையை அவன் முழங்கைக்கு மேல் சுருட்டியபோது, மணிக்கட்டிலிருந்து மேலே வரிவரியாக ஏறிய வெள்ளைத் தழும்புகளை எண்ண எனக்கு மனம் வரவில்லை. தகாத பண்டத்தை விற்பவனைக் குறை கூறுவது எளிது. அதையே வேண்டுமென்று விலை கொடுத்து வாங்குகிறவர் இருக்கும்வரை அவன் வியாபாரத்துக்கு என்ன குறைவு?

வெயில் ஏறுமுன் முறையான பாடம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டினார்கள். கோணிச் சாக்கைப் பல மடிப்பாகத் தைத்து உள்ளே தோல் வைத்த உறையை இளைஞன் இடக்கையில் மாட்டிக்கொண்டு தோப்பின் நடுவே நின்றான். ஒன்றரை வயதுப் பெட்டை ராட்வைலர் ஒன்று, பெரியவரின் காலடியில் அமர்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆணை கிடைத்ததும் அம்புபோல் பாய்ந்து உறையைக் கவ்விய அந்த நாயின் வால், பந்து விளையாடும் நாயின் வாலைப்போல வீசி ஆடிக்கொண்டிருந்தது. இளைஞன் இழுத்தான், சுற்றினான், ஓங்கிய கையைத் தாழ்த்தினான், தள்ளாடினான், கடைசியில் உறையை நழுவவிட்டுத் தோற்றுப்போனான். தன் பலத்தில் நாய்க்கு நம்பிக்கை வளரும் அளவுக்கு, எந்தக் கணத்தில், எவ்வளவு தோற்க வேண்டும் என்று அறிவதே அவன் தொழிலின் சூட்சுமம் என்று பின்னர் விளங்கியது.

பெரியவர் தாழ்ந்த குரலில் “விடு” என்றார். நாய் வாயைத் திறந்தது.

“கடிக்கச் சொல்லிக் குடுக்க ஒரு வாரம் போதும் சார். இந்த ஒரு வார்த்தைக்கு ஆறு மாசம் ஆச்சு.”

ஜெர்மனியில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் காவல் நாய்ப் பரீட்சைக்கு மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என்று மூன்று பகுதிகள் உண்டு. எவ்வளவு வீராவேசமாகப் பாய்ந்தாலும், ஆணையிட்டும் பிடியை விடாத நாய்க்கு அங்கே தேர்ச்சி கிடையாது. நம்மிடையே அந்தக் கடைசிப் பாடம் பெரும்பாலும் நடத்தப்படுவதே இல்லை. நடத்தினாலும் பயிற்சி தந்தவருக்கு மட்டுமே நாய் கட்டுப்படுகிறது; சங்கிலியை வாங்கிக்கொண்டு போகும் எஜமானருக்கோ, இரவெல்லாம் அதனோடு உலவும் வாட்ச்மேனுக்கோ எவரும் எதுவும் கற்பிப்பதில்லை.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறிய செய்தியை நாடே படித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்ப, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்திருந்தது. இனத்தைப் பற்றி இத்தனை வாதம் நடக்கிறது. பழக்குகிறேன் என்று பலகை மாட்டியவரிடம் தேர்ச்சிப் பத்திரம் கேட்ட ஒருவரையும் தாம் கண்டதில்லை என்றார் பெரியவர்.

கடைசிக் கூண்டில்தான் உள்ளூர்ப் பிரஜை இருந்தது: பால்வெள்ளை மேனியும் ரோஜா நிற மூக்கும் ஒடுங்கிய வயிறுமாய், 2005-இல் தபால்தலையில் ஏறிய அந்த இராஜபாளையம் ஜாதி. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் ஓர் ஆலைக்காரர் அதைக் குட்டியிலேயே வாங்கி, வெளியூர்ப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். ‘சொன்ன பேச்சுக் கேட்பதில்லை’ என்பதற்காக அங்கே அது பட்ட அடிக்குக் கணக்கில்லை. திரும்பிவந்த ஒரு மாதத்தில், இரவுமுறை மாறும் வேளையில் பின்னால் வந்து முதுகைத் தட்டிக்கொடுத்த வாட்ச்மேனின் முன்னங்கையைக் கவ்விக்கொண்டது. சுற்றி நின்ற அத்தனை பேரும் “விடு, விடு” என்று கத்தியும் விடவில்லை. ஊரார் காயத்துக்கெல்லாம் துணி நெய்யும் ஆலையில் அன்றைக்கு உள்ளூரிலேயே செலவு நேர்ந்தது. வெறிநாய்க்கடி ஊசிக்காக அந்த மனிதர் அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை நடந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் வேலை போய்விடும் என்று அவர் போகவில்லை. வளர்ப்புப் பிராணி விஷயத்தில் அஜாக்கிரதையாக இருப்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை என்று சட்டம் சொல்வது சட்டப் புத்தகத்தோடு சரி.

ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்ற தீர்மானத்தோடு இங்கே கொண்டுவந்து விடப்பட்ட அந்த நாயைப் பெரியவர் நான்கு நாட்கள் சும்மா கவனித்துக்கொண்டிருந்தார். பால்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து ஏழு கூண்டுகளும் அமர்க்களப்பட்டபோது இது மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அதன் முதுகுப்புறமாக நின்று ஒரு பித்தளைத் தட்டைத் தரையில் போட்டார். தோப்பிலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. அந்த நாயின் காது மட்டும் அசையவில்லை.

வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வந்துவிடுவது இந்த ஜாதியில் பழகியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஒரு தட்டு விழும் நேரத்தில் தெரிந்துவிடக் கூடிய இந்த விஷயத்தை, மூன்று மாதம் அதை அடித்தவர்கள் அறிந்துகொள்ளவில்லை.

நான் புறப்படும் வேளையில் அதற்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இளைஞன் சாக்குச் சுருள் ஒன்றின் முனையைப் பிடித்திருக்க, மறுமுனை நாயின் வாயில் இருந்தது. பெரியவர் அதன் பார்வைக்கு நேரே வந்து, மூடிய கையை மெல்ல விரித்துக் காட்டினார். நாய் சற்று யோசித்தது. பிறகு சுருளைக் கீழே போட்டது. அதற்குள் அவர் சட்டைப்பையில் தொலைபேசி மணி அடித்தது. ஆலைக்காரர்தான். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லையாயினும், “கடிக்கும் மொதலாளி, அதெல்லாம் கடிக்கும். இன்னும் ரெண்டு மாசம் ஆகட்டும்” என்ற பதிலிலிருந்து கேள்வியை ஊகிக்க முடிந்தது.

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு கூண்டருகே சென்று, படுத்துவிட்ட நாய்க்குச் சற்றுத் தள்ளி நின்று, வலக்காலால் தரையை இரண்டு முறை ஓங்கி மிதித்தார். அதிர்வு மண்ணோடு போய்ச் சேர்ந்தது போலும். அது தலையைத் தூக்கி, அவர் இருந்த திசையை நோக்கித் திரும்பியது.